தீக்காலத்தில் எங்கள் வீடு

பிப்ரவரி 26, திங்கள்

வேறு வேலை இல்லாததால் எழுதுகிறேன். உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. சமையலறை ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க இதுவரை இதைத்தான் முட்டுக்கொடுத்திருந்தோம்.

பக்கத்து வீட்டு பிலோமினா அக்கா மாவு மில் வைத்திருக்கிறார். போன வாரம் அங்கே மிளகாய் மூட்டையை இறக்கிக் கொடுக்கப் போய், படியில் சறுக்கி இடது காலை உடைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாகக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறேன், உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கடைசியில் மாவு மில் படியில் விழுந்தேன். முழங்கால்வரை மாவுக்கட்டு. “ஜீப்ப இப்போதைக்கு மறந்துருங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் மனைவி வேல்மயில் வனக்காப்பாளராக இருக்கிறாள். எங்கள் ஊர் ஊத்துப்பாறைக்கு மேலே இருக்கும் காடு முழுக்க அவள் பொறுப்பு. அவளுடைய அப்பா ராஜாங்கம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை இறந்தபிறகு எங்களோடு வந்துவிட்டார். எனக்கும் மாமாவுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. பேச்சும் கிடையாது. “மாப்ள, பேப்பர்”, “மாமா, மாத்திரை” என்பதோடு சரி. மற்றதையெல்லாம் மயிலு நடுவில் நின்று பேசிக்கொள்வாள்.

இனி பகல் முழுக்க நாங்கள் இருவர் மட்டும்.

மார்ச் 1, வெள்ளி

மழை கண்டு மாதக்கணக்காகிறது. மலைமேல் புல்லெல்லாம் வெளிறிவிட்டது. காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மயிலுக்குப் போன் வந்தது. பாதி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள்.

“மேக்கால சரிவுல பொக தெரியுதாம். வாரேங்க.”

“எத்தன பேரு போறீங்க?”

“வாச்சருங்க எல்லாம் வாராங்க. நீங்க கால தொங்கப்போட்டு உக்காராதீங்க.”

அவ்வளவுதான். போய்விட்டாள்.

மதியம் நானும் மாமாவும் சேர்ந்து சமைத்தோம். சேர்ந்து என்றால், நான் நாற்காலியில் உட்கார்ந்து நறுக்கினேன், அவர் அடுப்பில் நின்றார். சவ்சவ் கூட்டு. உப்பு இரண்டு பேரும் போட்டுவிட்டோம் என்பது சாப்பிடும்போதுதான் தெரிந்தது. மாமா தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் நகர்த்தினார்.

பொழுது சாயும்போது மயிலு வந்தாள். கண்ணைத் தவிர எல்லாம் கரி. மாமா அப்போதுதான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். திரும்பி வந்து, “ஒண்ணுமில்லப்பா, பூராவும் பொகயாவே இருக்கு மூக்குல” என்றாள். ரசத்தைக் குடிக்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

வீட்டில் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. யாரும் போடவில்லை, தானாக வந்தது. மதியத்துக்குப் பிறகு அடுப்பில் எண்ணெய் வைப்பதில்லை. தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை. அவள் வரும்போது வீட்டில் எந்த வாசனையும் இருக்கக்கூடாது. மோர்ச்சோறு, கல்லில் அரைத்த பச்சைத் துவையல், பட்டர் ஃப்ரூட்டை மசித்து வெல்லம் போட்டு ஒரு கிண்ணம், மலைவாழைப்பழம். இவ்வளவுதான் சாயங்காலச் சாப்பாடு. நேற்று அவள் மோர்ச்சோறு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், ஏதோ பரீட்சையில் பாஸானது மாதிரி.

இன்று இன்னொன்றைக் கவனித்தேன். அத்தை படத்துக்கு மாமா தினமும் ஊதுபத்தி ஏற்றுவார். வந்த நாளிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை. இன்று ஏற்றவில்லை. கொல்லைச் செம்பருத்தி ஒன்றைப் பறித்துவந்து படத்தின் மேல் செருகிவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டார். இந்த மனிதரோடு இத்தனை நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 7, வியாழன்

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. மலையைப் பார்த்துக்கொண்டு நின்றதால் இல்லை. கட்டுக்குள் ஒரே அரிப்பு, கவனம் போய்விட்டது.

மார்ச் 10, ஞாயிறு

ஞாயிறும் இல்லை அவளுக்கு. கீழ்ச் சரிவில் தீத்தடுப்புக் கோடு வெட்டுகிறார்கள். தீ தாண்டாதபடி புல்லையும் சருகையும் அகலமாக வழித்து வெறுந்தரையாக்குவதுதான் அந்தக் கோடு.

வெந்நீரும் கல்லுப்பும் போட்ட பேசினை வாசலுக்கு உள்பக்கம் வைத்திருந்தோம். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை அதற்குள் விட்டாள். “ஆ...” என்று ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், மாமா சிரித்துவிட்டார். பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். தீ வரும் சத்தம் மழை வரும் சத்தம் மாதிரியே இருக்குமாம். தழையை ஒடித்து அடித்து அடித்து, ஓரிடத்தில் அணைத்துவிட்டு நிமிர்ந்தால் அந்தப் பக்கம் மறுபடி பிடித்திருக்குமாம்.

“இன்னிக்கு ஒரு மலையணிலு. அம்புட்டு பெருசு. வாயில குட்டியக் கவ்விக்கிட்டு எங்க கோட்டத் தாண்டி ஓடுது. எங்க ஆளு எல்லாரும் மம்பட்டிய நிப்பாட்டிட்டு வழி விட்டோம். போன ஒடனே திரும்பி நின்னு எங்களப் பாத்துச்சுங்க.”

“நன்றி சொல்லிருக்கும்” என்றார் மாமா.

“திட்டிருக்கும்ப்பா. எம் மரத்த எரியவிட்டீங்களேன்னு.”

சாப்பிட உட்கார்ந்தவள் கையில் சோற்றோடு தூங்கிவிட்டாள். மாமா தட்டை மெதுவாக எடுத்தார். நான் ஈரத்துணியால் அவள் விரல்களைத் துடைத்தேன். உள்ளங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. எங்களிடம் காட்டவே இல்லை. தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். விழிக்கவில்லை.

நான் கவலைப்படுகிற ஆள் இல்லை. ஆனால் இரவில் தூக்கம் வருவதில்லை. அரிப்புதான் காரணம்.

மார்ச் 13, புதன்

இன்று புகை ஊருக்குள் இறங்கிவிட்டது. சூரியன் செம்புக்காசு மாதிரி தெரிகிறது. துவைத்துப் போட்ட துணியில் கருகிய புல் துணுக்குகள்.

மாமாவுக்கு வீசிங் உண்டு. பனிக்காலத்தில்தான் வரும். இன்று மதியம் படி ஏறியவர் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். மூச்சு விடும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். இன்ஹேலர் பம்பை வாயில் அடித்துக்கொண்டு சமாளித்தார்.

“மாமா, மயிலுக்குச் சொல்லிருவோம்.”

“எதுக்கு மாப்ள? சொன்னா அவ லீவு போட்டுட்டு எம் பக்கத்துல வந்து ஒக்காருவா. அங்க ஆளு கொறையும். வேணாம்.”

“கண்டுபிடிச்சுருவா.”

“நீங்க காட்டிக் குடுக்காம இருந்தாப் போதும்.”

சாயங்காலம் அவள் குளிக்கப் போகும்வரை இருமலை அடக்கிக்கொண்டே இருந்தார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் வாயில் துண்டை வைத்துக்கொண்டு இருமித் தீர்த்தார். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

மார்ச் 14, வியாழன்

நடு அறையைச் சரிசெய்தோம். ஜன்னலே இல்லாத அறை அது ஒன்றுதான். கதவுக்குப் பழைய போர்வையை நனைத்துத் தொங்கவிட்டு, வென்டிலேட்டரை ஈரத்துணியால் அடைத்து, மாமாவின் கட்டிலை அங்கே போட்டாயிற்று. பழைய லுங்கியைக் கிழித்து மூக்குக்குக் கட்ட ஆளுக்கு ஒன்று. மாமாவுடைய நெபுலைசர் பெட்டி, அதாவது மாஸ்க் வைத்து மருந்தை ஆவியாக இழுக்கிற மிஷின், பீரோ மேல் இருந்து இறங்கியது. கட்டிலை ஏன் மாற்றினோம் என்று மயிலு கேட்டதற்கு, “அறை சில்லுன்னு இருக்கும்மா, வயசானவனுக்கு நல்லது” என்றார். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

உண்மையிலேயே அந்த அறை சில்லென்று இருக்கிறது. ஈரப் போர்வையைத் தாண்டி உள்ளே போனால் மழைக்குப் பிந்திய மண் வாசனை மாதிரி ஏதோ ஒன்று. மயிலு இன்று அதற்குள்தான் பாய் போட்டுப் படுத்தாள்.

மார்ச் 16, சனி

காற்று அடங்கியிருந்ததால் மயிலுக்கு அரைநாள் ஓய்வு. வீடே கல்யாணவீடு மாதிரி ஆகிவிட்டது.

மாமா காபிக்கொட்டையை வறுக்கவில்லை. வறுத்தால் புகை வரும் என்று பிலோமினா அக்கா மில்லிலேயே வறுத்து அரைத்து வாங்கிவந்தார். அக்காவும் கூடவே வந்து மயிலின் தலையைப் பிடித்து உட்காரவைத்துச் சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டார். கறுப்பாகவே தண்ணீர் வழிந்தது. “அடியே, இம்புட்டு கரியா! இத வச்சு நான் மில்ல ஓட்டலாம் போலயே” என்றார் அக்கா.

பிறகு நாலு பேரும் சீட்டாடினோம். மாமா ஜெயித்துக்கொண்டே இருந்தார். நான் அவர் முழங்காலுக்கு அடியில் ஒளித்திருந்த சீட்டைப் பிடித்துவிட்டேன். “மாப்ள, பஸ்ல ஸ்டாண்டிங்ல ஒரு ஆளு ஏத்திக்கிறதில்லையா, அது மாதிரிதான்” என்றார். மயிலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகிறது.

ஈரத்தலையோடு வாசற்படியில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்த விதத்தை எழுதிவைக்கவேண்டும் என்று நினைத்தேன். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

காற்று திரும்பிவிட்டது என்கிறார்கள். மயிலு நேற்று வீட்டுக்கு வரவில்லை.

மார்ச் 21, வியாழன்

நேற்று எழுத முடியவில்லை. இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்று மதியம் காற்று எங்கள் பக்கம் அடிக்க ஆரம்பித்தது. ஊருக்கு மேலே, காபித் தோட்டத்தை ஒட்டிய மேட்டில் புகை எழுந்தது. பஞ்சாயத்து வேன் வந்து எல்லோரையும் கீழூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னது. முதல் நடையில் இடம் இருந்தது. வேன்காரர் எங்கள் வாசலிலும் நின்றார்.

“மொதல்ல பிள்ளைகளும் வயித்துப் பிள்ளக்காரிகளும் போகட்டும். நாங்க அடுத்த நடை” என்று மாமா சொல்லிவிட்டார்.

அடுத்த நடை வரவில்லை. வளைவில் புகை மூடிவிட்டது. எதிரே மனிதர் நின்றால் தெரியாது. தெருவில் மிச்சமிருந்தது நாங்கள் இருவரும் பிலோமினா அக்காவும்தான். மில்லை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவர் நின்றதாகச் சொன்னார். ஆனால் முதல் நடை கிளம்பும்போது என் கட்டுப்போட்ட காலையும் மாமாவின் முகத்தையும் அவர் மாறி மாறிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

நடு அறைக்குள் போய்க் கதவை மூடினோம். சற்று நேரத்தில் மாமாவுக்கு மூச்சு கட்டிக்கொண்டது. பம்பு அடித்தும் கேட்கவில்லை. உதடு நிறம் மாறியது. நெபுலைசரை எடுத்து மருந்தை ஊற்றி ஸ்விட்சைத் தட்டினேன். கரண்ட் இல்லை. மேட்டில் லைன் போய்விட்டிருக்கிறது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். வளைவுவரை வந்து புகை விலகக் காத்திருப்பதாகச் சொன்னார்கள்.

“எங்கிட்ட ஜெனரேட்டர் இருக்குய்யா” என்றார் அக்கா. முந்தானையை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு புகைக்குள் போனார். நான் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு கொல்லைச் சுவர்வரை நொண்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து அவர் வயரை எறிந்தார். எனக்குக் கண் தெரியவில்லை. தடவித் தடவி எடுத்தேன். வீட்டுக்குள் இழுத்துவந்து கதவிடுக்கில் ஈரத்துணி திணித்து, செருகினேன். ஜெனரேட்டர் ஒருமுறை இருமியது, இரண்டாம் முறை இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. மிஷின் ஓடியது.

மாமாவை முன்பக்கம் குனிந்தாற்போல் உட்காரவைத்து மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியை வைத்துத்தான் மூச்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துகொண்டேன். அக்கா திரும்பிவந்து போர்வைகளை மறுபடி நனைத்துத் தொங்கவிட்டார்.

அந்த நேரத்தில் மயிலிடமிருந்து போன்.

மாமா மாஸ்க்கோடு தலையை ஆட்டினார். சொல்லாதே என்று கையைக் காட்டினார். நான் போனைக் காதில் வைத்தேன்.

“என்னங்க, எங்க இருக்கீங்க?”

“வீட்லதான். உள்ரூம்ல. ஒண்ணும் பயமில்ல.”

“அப்பா?”

“சாப்ட்டுட்டுப் படுத்துருக்காரு.”

அவள் பக்கமிருந்து காற்றுச் சத்தமும் யாரோ கத்துவதும் கேட்டது.

“பிலோமினாக்கா எங்க?”

“இங்கதான் இருக்காங்க. எங்ககூட.”

“சரி” என்றாள். பிறகு மறுபடி, “சரிங்க. நான் நம்ம வீட்டுக்கு மேல மேட்டுலதான் நிக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் நின்ற இடம் எங்கள் தலைக்கு நேர் மேலே. கூப்பிட்டிருந்தால் தோட்டத்து வழியாக ஓடி வந்திருப்பாள். அந்தப் போனை நான் எவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. மாமா என் கையை அழுத்தினார். மாஸ்க்கை நேராகப் பிடித்தேன்.

இருட்டுவதற்கு முன் காற்று தணிந்தது. புகை கொஞ்சம் விலகியதும் ஆம்புலன்ஸ் வந்தது. தீ மேட்டுக் கோட்டைத் தாண்டவில்லை என்று அதன் டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

மாமா இப்போது ஆக்ஸிஜனில் இருக்கிறார். மூச்சு பரவாயில்லை. காலையில் கண் திறந்து என்னைக் கேட்ட முதல் கேள்வி: “மாப்ள, காபி கெடைக்குமா?”

மார்ச் 22, வெள்ளி

மயிலு இன்று மதியம்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். தணல் முழுக்க அணையும்வரை விட்டு வரமுடியாதாம். ஒரு பக்கப் புருவம் பொசுங்கியிருந்தது. நேராக அப்பாவிடம் போய் நெற்றியில் கைவைத்து நின்றாள். “எம் பொண்ணு மலையத் தூக்கி நிறுத்திட்டா” என்று பக்கத்துப் படுக்கைக்காரரிடம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து பேசக்கூடாது என்று அதட்டினார்.

பிறகு என்னோடு வெளியே மாடிப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். டீ வாங்கிக்கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள்.

“மயிலு, போன்ல நான் சொன்னது...”

“உங்களுக்குப் பொய் சொல்ல வராதுங்க.”

நான் அவளைப் பார்த்தேன்.

“மிஷின் சத்தம் கேட்டுச்சு. அப்பா மூச்சும் கேட்டுச்சு. சின்னப்பிள்ளையில இருந்து கேக்குற சத்தம், எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா அங்கயே நின்ன?”

இதைக் கேட்டிருக்கக்கூடாது என்று கேட்டபிறகுதான் தோன்றியது. அவள் கோபப்படவில்லை. டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“எனக்கு ரெண்டு பக்கமும் ஆளு நின்னாங்க. நான் ஒருத்தி எறங்குனா அந்த எடம் ஓட்ட. அது வழியா வந்தா தீ நேரா நம்ம கொல்லைக்குத்தான் வரும். கால் எறங்கு எறங்குன்னுதான் சொல்லுச்சு. அப்புறம் நெனச்சேன், அங்க நீங்க இருக்கீங்க. அக்கா இருக்காங்க. நான் இருந்தா என்ன செய்வேனோ அதத்தான் நீங்களும் செஞ்சுக்கிட்டு இருப்பீங்க. அத நம்பித்தான் நின்னேன்.”

அதற்கப்புறம்தான் அழுதாள். படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்களைச் சுற்றிப் போனார்கள். நான் டீ டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தடித்துக் காய்த்துப்போன கை. எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. இந்த முறை அரிப்பு என்று எழுத மாட்டேன்.

மார்ச் 26, செவ்வாய்

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். மேலே மலை முதுகு முழுக்கக் கறுப்பு. எங்கள் மேட்டுக்குக் கீழே மட்டும் பச்சை. கோடு போட்டது போல் தெரிகிறது.

மார்ச் 31, ஞாயிறு

நேற்று முன்தினம் சிறு மழை. இன்று மயிலுக்கு முழுநாள் லீவு கொடுத்துவிட்டார்கள். காலையில் இட்லி சாப்பிட்டவள், “கொஞ்சம் சாயிறேன்” என்று முன்னறையில் பாயை விரித்துப் படுத்தாள். ஜன்னல் கதவெல்லாம் திறந்திருந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு இன்றுதான் திறந்தோம். படுத்த வேகத்தில் தூங்கிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேல் வளைவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி கேட்டது. தக்காளி, வெங்காயம், முருங்கைக்காய் என்று ஊரையே எழுப்புகிற சத்தம். நான் ஊன்றுகோலைத் தேடுவதற்குள் மாமா எழுந்துவிட்டார். வேகமாக நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தெருவில் இறங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மூச்சு வாங்கி, மறுபடி நடந்து வளைவுக்குப் போனார். நடுரோட்டில் கையைத் தூக்கி வண்டியை நிறுத்தினார். டிரைவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். எங்கள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

ஒலிபெருக்கி நின்றது. எஞ்சினும் நின்றது. வண்டி இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டு வந்து எங்கள் வாசலுக்கு எதிரே நின்றது. டிரைவர் கதவைத் திறந்து அடிக்காமல் அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்.

பெண்கள் வந்தார்கள். ஜன்னல் வழியாக ஒருமுறை உள்ளே பார்த்தார்கள். பிலோமினா அக்கா மில்லை நிறுத்திவிட்டு வந்து நின்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. விலையை விரலால் கேட்டார்கள், டிரைவர் விரலால் சொன்னார். பேரம்கூட விரலால்தான். ஒரு குழந்தை சிரித்தது. அதன் அம்மா இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மயிலு புரண்டு படுத்தாள். தெருவே அப்படியே நின்றது. நீட்டிய கை நீட்டியபடி, விரித்த பை விரித்தபடி. அவள் கண்ணைத் திறக்கவில்லை. கையை மடக்கிக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு டிரைவர் வெங்காயத்தைத் தராசில் கொட்டாமல், ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மெதுவாக வைக்க ஆரம்பித்தார்.